பொட்டு வைத்த தகடுகள்

வெந்நீர்த் தொட்டிக்கு மேலே வரிசையாகத் தொங்கிய சின்னத் தகடுகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். அதைப் பார்த்து லேப் மேடம் அப்படியே நின்றது இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடல் தண்ணீரைக் காய்ச்சி நல்ல தண்ணீராக்கும் ஆலையில் நான் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதுபோலக் குழாய்க்குள்ளே உப்பு கட்டும். எதில் கம்மியாகக் கட்டுகிறது என்று பார்க்கத்தான் மேடம் செம்பு, இரும்பு, வழவழவென்று பூச்சு போட்டது என விதவிதமான தகடுகளைச் சுடுகிற கடல் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தார். அவர் முடிவு சொன்னால்தான் பெரிய சார் புதுக் குழாய் வாங்குவார். ஆயுத பூஜை லீவுக்கு மேடம் சொந்த ஊரான நாசரேத்துக்குப் போய்விட்டார்.

பம்ப் ஓட்டுகிற அண்ணாச்சிக்கு அழுக்கென்றால் ஆகாது. பூஜைக்கு மெஷினையெல்லாம் துடைத்தவர், குழாய் தேய்க்கிற கம்பி பிரஷால் தகடுகளையும் தேய்த்துப் பொட்டு வைத்துவிட்டார். "ஏளா, இப்பப் பாரு, முகம் பாக்கலாம்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

லீவு முடிந்து மேடம் வந்து கேட்டபோது அண்ணாச்சி ஒளிக்கவில்லை. "நாந்தான் மேடம். உப்பு பூத்துக் கெடந்துச்சு."

"அண்ணாச்சி, அந்த உப்பத்தான நான் வளத்துக்கிட்டிருந்தேன்."

அண்ணாச்சி என்னிடம் வந்து உட்கார்ந்தார். "சாருக்குத் தெரிஞ்சா வேலை போச்சு ஏளா. மக கல்யாணத்த வச்சிக்கிட்டு இப்படிப் பண்ணிட்டேனே." டீ வாங்கிக் கொடுத்தேன்.

மேடம் பொட்டை அழித்துவிட்டு, அதே தகடுகளோடு புதுத் தகடுகளையும் சேர்த்துத் தொங்கவிட்டார். கொஞ்ச நாள் கழித்து எடுத்தபோது புதுசில் மெலிசாகத்தான் உப்பு, அதிலும் பூச்சுத் தகட்டில் ரொம்பக் கம்மி. தேய்த்ததிலோ பிரஷ் கீறின கோடெல்லாம் தடிப்பாக ஏறியிருந்தது. கீறல் பட்ட பூச்சுத் தகட்டிலும் இரும்பு மாதிரியே உப்பு கட்டியிருந்தது.

பெரிய சார் யார் தேய்த்தது என்று கேட்டார். நான் அங்கேதான் பெருக்கிக்கொண்டிருந்தேன்; கை நின்றுவிட்டது. "நம்ம குழாய எப்பவும் தேய்க்கோமே சார், அதே மாதிரிதான்" என்றார் மேடம். "அதான் கழுவக் கழுவ மறுபடி கட்டுது." அதற்கு மேல் சார் கேட்கவில்லை. பூச்சு போட்ட குழாய் வந்தது. கம்பி பிரஷ் வெளியே போனது, அண்ணாச்சி இருந்தார்.

அவர் மகள் கல்யாணத்துக்கு மேடம் வந்தார். அண்ணாச்சி பக்கத்திலேயே நின்று பரிமாறிவிட்டு, குனிந்து மெதுவாக, "உப்பு போதுமா மேடம்?" என்றார். மேடத்துக்குப் புரையேறிவிட்டது.

இப்போதெல்லாம் குழம்பை ஊற்றிவிட்டு மருமகள் அதையே கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "என்ன அத்தை, சிரிக்கிய?" என்பாள். எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.