தலையிலிருந்து அழித்தால்

உடையார்பாளையம் முந்திரி மண்டியில் எடை போட்ட செல்லதுரையிடம் யார் பேச்சுக் கொடுத்தாலும் அது ஒரே எண்ணில்தான் போய் முடியும்: 73939133. அது பகா எண். ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது. கடைசி இலக்கத்தை அழித்தால் மிச்சமும் பகா எண். அப்படியே கடைசியிலிருந்து அழித்துக்கொண்டே வந்தாலும், முதலில் நிற்கும் ஏழு வரைக்கும் பிரிக்க முடியாது. இந்தக் குணமுள்ள எண்களில் இதைவிடப் பெரியது கிடையாது.

அரியலூரில் பி.யு.சி. படித்தபோது வாத்தியார் சொன்னது. சின்ன எண்களைச் செல்லதுரை தானே வகுத்துப் பார்த்தான். பெரியவற்றுக்கு வாத்தியார் வார்த்தையை நம்பினான். நம்புவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

1973-ல் திருச்சியில் பி.எஸ்ஸி. கணக்குக்கு இடம் கிடைத்தது. முந்திரித் தோப்பில் ஒரு துண்டை விற்றால்தான் படிக்க முடியும். அப்பா இல்லாத வீட்டில் பட்டாவும் அண்ணன் ராசாங்கம் பேரில், முடிவும் அவர் கையில். தம்பி சோற்றை ஆறவிட்டு அந்த எண்ணின் பெருமையைப் பேசுவதைத் தினமும் கேட்டவர் அவர். அதையே எடுத்துப் போட்டார்.

"நம்ம தோப்பும் பகா எண்ணுதாண்டா. பிரிச்சா போச்சு. பிரிக்கவே கூடாது."

தன் வார்த்தை அண்ணன் வாயில் வந்ததும் செல்லதுரை உருகிப்போனான். கிடைத்த இடத்தை விட்டுவிட்டு மண்டித் தராசைப் பிடித்தான். கடைக்குட்டித் தங்கை பொன்னுத்தாய் கல்யாணமாகி மீன்சுருட்டிக்குப் போனபோதுகூட, கடைசி இலக்கம் போனால் என்ன, வீடு பகா எண்ணாகத்தானே நிற்கிறது என்று பீற்றிக்கொண்டான். பைத்தியக்காரன்!

1987 ஆனியில் மண்டிக்கு வந்த தரகர் ஒருவர் வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"மேலண்டைத் தோப்பு கிரயமாயிடுச்சாமே? அண்ணன் மவனைத் திருச்சியில கணக்குக்குச் சேக்குறாராம்ல? நல்ல சேதிங்க."

செல்லதுரை தராசை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பிரிக்கவே கூடாதுன்னு சொன்னீங்களே?"

"அட, அது ஒன்னய நிறுத்தி வைக்கச் சொன்னதுடா. நீயும் போயிட்டா தோப்ப யாரு பாக்குறது? புள்ள படிப்புன்னு வந்தா அதெல்லாம் பாக்க முடியுமா?" என்றவர் ரசத்துக்குக் கை நீட்டினார்.

ஏமாற்றியதைக்கூட அவர் மறைக்கவில்லை.

செல்லதுரை மண்டிக்குத் திரும்பி, சுவரில் சாக்பீஸால் அந்த எண்ணை எழுதினான். இத்தனை வருஷமும் கடைசியிலிருந்துதான் அழித்திருக்கிறான். தலையிலிருந்து அழித்துப் பார்க்க ஒருநாளும் தோன்றியதில்லை. தலை பிசகாது என்றே இருந்துவிட்டான். இப்போது அங்கிருந்து அழித்துக்கொண்டே வந்தான். 133 மிஞ்சியது. ஏழு பத்தொன்பது நூற்று முப்பத்து மூன்று. மீதியே இல்லாமல் பிரிந்தது.

சாயங்காலம் ராசாங்கத்தின் முன்னால் போய் நின்றான். அண்ணே என்று கூப்பிடவில்லை.

"என் பாகத்தப் பிரிச்சுக் குடுத்துடுங்க" என்றான்.