தலைக்குள் என்ன பழுது, மிஸ்ஸி?

தாதி வேலையில் காலுடைந்தவரைப் பார்ப்பது சுலபம். எங்கே உடைந்தது என்று வீட்டுக்காரருக்குக் காட்டிவிடலாம். தலைக்குள் பழுது என்றால் காட்ட ஒன்றும் இல்லை, வாயால்தான் சொல்ல வேண்டும். அப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர் என்றால் உங்களுக்கு இந்தப் பாடு தெரியும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் திருகோணமலை ஆஸ்பத்திரியில் நான் தாதியாக, சனங்கள் வாயில் மிஸ்ஸியாக, இருந்தபோது கேட்டவை இவை.

குடிக்காதவரின் தள்ளாட்டம்

துறைமுகத்தில் மூட்டை இறக்கும் மரியதாஸ், கப்பல் படியில் சறுக்கிப் பிடரி அடிபட விழுந்தார். காயம் ஆறியது. பேச்சு தெளிவு, பலமும் குறையவில்லை. நடந்தால் மட்டும் கால்களை அகட்டி வைத்து இரு பக்கமும் சாய்ந்தார். தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் போன கை அதைத் தாண்டிப் போனது. நடையையும் கையையும் நிதானப்படுத்துவது பிடரிப் பக்கம் இருக்கும் சிறுமூளை, அதில்தான் அடி, பழகப் பழகக் கொஞ்சம் சரிவரும் என்று மனைவி பிலோமினாவுக்கு விளக்கினேன்.

ஒரு மாதம் கழித்து பிலோமினா தனியாக வந்தார். உப்புவெளியில் பஸ் கொண்டக்டர், குடிவெறிகாரன் என்று நினைத்து மரியதாஸை ஏற்றாமல் விட்டுவிட்டாராம். "இவர் ஒரு சொட்டுக் கள்ளும் வாயில வைக்காதவர், மிஸ்ஸி. சிறுமூளை எண்டு டொக்டரிட்ட ஒரு துண்டு எழுதி வாங்கித் தாங்கோ, சட்டைப் பையில வைச்சு விடுறன்."

பாட்டு வந்தது, பேச்சு வரவில்லை

றோஸ்மலர் ரீச்சருக்குப் பாரிசவாதம். வலது கை விழுந்துவிட்டது. பேச்சில் 'ஓம்' என்ற ஒரு சொல்தான் மிச்சம். தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஓம், வேண்டாமா என்றாலும் ஓம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுப் பெண்கள் வந்து கட்டிலருகே மெதுவாகப் பாடினார்கள். ரீச்சரும் சேர்ந்து பாடினார், ஒரு சொல் பிசகாமல்.

அவருடைய கணவர் என்னிடம் ஓடி வந்தார். பேச்சுக்குப் பெரும்பாலும் பெருமூளையின் இடது பக்கம் வேண்டும், பாட்டுக்கு வலது பக்கமும் கைகொடுக்கும், அதனால் பேச்சு திரும்பிவிட்டது என்று நினைக்க ஏலாது என்றேன். அவர் கதிரையை இழுத்து மனைவி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இருபது வருஷமா அவ கதைப்பா, நான் ஓம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான். இப்ப நான் கதைக்க வேணும், மிஸ்ஸி. என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை."

மட்டும்

வெருகலில் ட்ரக்டர் புரண்டு அடிபட்ட இளைஞன் ஒருவன். பெருமூளை அடங்கிவிட்டது, மூளையின் அடியில் உள்ள தண்டுதான் மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்துகிறது என்றார் டொக்டர். அவனுடைய தாய் கனகம்மா அவன் நெஞ்சில் கையை வைத்தபடி, சாப்பிடவும் எழும்பாமல் இருந்தார். மூன்றாம் நாள் நான் பொறுக்க மாட்டாமல், "மூச்சு மட்டும்தான் ஓடுது அம்மா. நீங்கள் இருக்கிறது மகனுக்குத் தெரியாது. போய்ச் சாப்பிட்டு வாங்கோ" என்றேன்.

பதினோராம் நாள் பகல் அந்த மூச்சும் நின்றது. அப்போதுதான் கனகம்மா கையை எடுத்தார். ஆனால் என் மனதில் நிற்பது மூன்றாம் நாள் அவர் தந்த பதில். "மட்டும் எண்டு சொல்லாதேயுங்கோ பிள்ளை. இப்ப அவனிட்ட எனக்கெண்டு இருக்கிறது அதுதான்."

மூளையின் எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று தாதிச் சோதனையில் எழுதித் தேறிய எனக்கு, இப்படிச் சொல்லும் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்பது ஓய்வு பெறும்வரை பிடிபடவில்லை.