நீல உருண்டை இருக்கும் பக்கம்

கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் பாட்டிலின் பக்கவாட்டில் அச்சு விட்டுப்போன தழும்பைத் தடவிக்கொண்டே மேலே போகிறார் பாட்டிலக்கா. தழும்பு கழுத்தோடு நின்றால் வாய்ப்பகுதி கைவேலை. உதடு வரை ஏறினால் இயந்திர வார்ப்பு. "நேத்துப் பொறந்துட்டு நூறு வயசுன்னு புளுகுது பாரு" என்று அதைத் திட்டி ஓரமாக வைக்கிறார்.

பழைய கண்ணாடிப் பாட்டில் சேர்ப்பவர்களுக்கு அவர் எழுதிய கையேடுதான் துணை. எந்தக் காலத்தது, எங்கே வார்த்தது, உள்ளே என்ன இருந்தது என்று படத்தோடு சொல்லும் புத்தகம். எழுதியவரோ சுத்தப் பயந்தாங்கொள்ளி. மூடி திறக்காத பாட்டில் வீட்டுக்குள் வந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. "உனக்கு வேற வேலையே கிடைக்கலையா?" என்பார் கணவர். "மோந்து மட்டும் பாக்காதீங்க, இருக்கிறது ஒரு மூக்கு" என்பார் இவர்.

போன வருடம் ஒரு வாசகர் தொலைபேசியில் துள்ளினார். "அக்கா, உங்க புத்தகத்துல இருக்கிற நீல உருண்டை எனக்குக் கிடைச்சிருச்சு! தண்ணி கூட அப்படியே இருக்கு."

தீப்பிடித்தால் எடுத்து வீசுவதற்காக அந்தக் காலத்தில் சுவரில் மாட்டிவைத்த கண்ணாடிக் குண்டு அது.

"எங்க வச்சிருக்கீங்க தம்பி?"

"அடுப்புக்கு மேல பலகையில. வெயில் பட்டா அள்ளுது."

பின்னணியில் எண்ணெயில் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை சிரித்தது. அக்கா சட்டென்று எழுந்து நின்றார்.

"முதல்ல அடுப்பை அணைங்க. குண்டைத் தொடாதீங்க. வீட்ல எல்லாரும் வெளிய போங்க."

"என்னக்கா, உப்புத் தண்ணின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"பக்கத்தைத் திருப்பினீங்களா?"

தாள் புரளும் சத்தம். 'உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர்' என்பதோடு ஒரு பக்கம் முடிந்திருந்தது. மறுபக்கத்தின் முதல் வரியில்தான் மீதி: பின்னால் வந்தவற்றில் விஷத் திரவம், சூட்டில் உடைந்தால் அதன் ஆவியே ஆளைச் சாய்த்துவிடும். வாசகர் அதை முணுமுணுவென்று படித்தார். பாதியில் குரல் நின்றது. "ஏய், பிள்ளையத் தூக்கு!" என்ற அலறல். ஏதோ உருண்டது. இணைப்பு அறுந்தது.

அக்கா திரும்பத் திரும்ப அழைத்தார். மணி அடித்தது, எடுப்பார் இல்லை. கணவர் கொண்டுவந்த தண்ணீரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெகு நேரம் கழித்து அந்த வாசகரே கூப்பிட்டார். உருண்டது வெறும் கரண்டியாம். அவரும் மனைவியும் குழந்தையும் தெருவில் நிற்கிறார்களாம். தீயணைப்புக்காரர்கள் குண்டை மணல் வாளியில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்களாம்.

அடுத்த பதிப்பில் அக்கா படத்தைச் சிறிதாக்கி, எச்சரிக்கையை அதே பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் பழைய பதிப்பு எத்தனை வீட்டில் பாதி படித்த நிலையில் கிடக்கிறதோ.

இப்போதெல்லாம் தொலைபேசி அடித்தால் எடுத்தவுடன் அவர் பேசுவதில்லை. காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் ஏதாவது பொரிகிறதா என்று மூச்சடக்கிக் கேட்கிறார்.