நாற்பது ஆணிப் பலகை

பெயர் சொல்லிக் கூப்பிடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், காலை ஆறரை மணிக்கு ஒரு ஃபாக்டரி கேட்டில் நின்று பார்த்ததில்லை. ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீசில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் எனக்கு அந்த உத்தியோகம். சுவரில் நீளமாக ஒரு பலகை. அதில் வரிசையாக நாற்பது ஆணிகள். ஆணிக்கு ஒரு தகரப் பில்லை, பில்லையில் ஒரு தினக்கூலி ஆளின் பெயர். இடது கோடியில் இருப்பவருக்கு முதலில் வேலை. வேலை கிடைத்தவரின் பில்லை மறுநாள் வலது கோடிக்குப் போய்விடும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராதவரின் பில்லையைக் கழற்றிவிட வேண்டும். பிறகு அவர் புது ஆளாகப் பெயர் கொடுத்து மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

பூஜ்யத்தில் ஒருவர்

பலகையை வடிவமைத்தவர் பம்பாயிலிருந்து வந்த ஓர் இன்ஜினீயர். எதையும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவார். ஆணிகளுக்குக் கீழே 0 முதல் 39 வரை பெயிண்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார். நான் சேர்ந்த வாரம் ஃபோர்மன் ஜெயராம், "மொதல் அஞ்சு பேர அனுப்பு நைனா" என்றார். 5 என்று எழுதியிருந்த ஆணி வரைக்கும் அள்ளிவிட்டேன். ஆறு பேர் போய் நின்றார்கள். ஃபோர்மன் ஒருவரைத் திருப்பி அனுப்பியதோடு எனக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தார்.

மறுநாள் உஷாராக இருந்தேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி, கச்சிதமாக ஐந்து பேரை அனுப்பினேன். பூஜ்ய ஆணியில் இருந்த கோவிந்தன், கவரைப்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்து வருபவர், பத்து மணி வரை வெயிலில் நின்றுவிட்டு ஜன்னலுக்கு வந்தார். "சைபர்னு போட்டுட்டா, நான் ஆளே இல்லியா சார்?"

கடைசி ஆணி

ஒருநாள் பலகையில் முப்பத்தெட்டுப் பில்லைகள்தான் இருந்தன. "கடைசி ஆள அனுப்பு, மண்ணு சலிக்கணும்" என்று ஃபோர்மன் சொல்லியனுப்பினார். நான் டீயை ஊதிக்கொண்டே, பலகையைத் திரும்பியும் பார்க்காமல், "முப்பத்தொம்பது யாருப்பா, உள்ள வா!" என்று குரல் கொடுத்தேன். அந்த ஆணி காலி. ஆனாலும் ஓர் ஆள் வந்தார். உள்ளே போனார், மண் சலித்தார், நன்றாகவே சலித்தாராம்.

மத்தியானம் ஒரு லாரி டிரைவர் கேட்டில் வந்து நின்று கத்தினார். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி வந்தவர், சரக்கு இறக்க நிறுத்திய இடத்தில் கிளீனரைக் காணோமாம். கிளீனர் நெற்றியெல்லாம் மண்ணோடு வெளியே வந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் நிதானமாகத் துண்டை உதறினார். "நீ கூப்ட்ட, யாரும் வர்ல, நான் வந்தேன். இதுல இன்னா சார் பேஜாரு?"

ஒரே படகு

ஏழுமலையும் முனுசாமியும் மச்சான்மார்கள். பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் மீன்பிடிக் குப்பம். படகில் வந்து, பஸ் பிடித்து, கேட்டுக்கு வருவார்கள். இருவர் பில்லையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். ஒரு புயலில் மூன்று நாள் படகே ஓடவில்லை. மூன்றாம் நாள் மாலை நான் வருகை நோட்டைப் பார்த்துக்கொண்டு இடது கோடியிலிருந்து வந்தேன். ஏழுமலை மூன்று நாளும் வரவில்லை, கழற்றினேன். நடுவில் காலி ஆணி இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே வலப்பக்கத்துப் பில்லைகளையெல்லாம் ஓர் ஆணி இடப்பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்த ஆணிக்குப் போனேன்.

மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். முனுசாமியின் பில்லை இருந்தது, ஏழுமலையுடையது இல்லை. முனுசாமி உள்ளே போக மறுத்து மச்சானோடு நின்றுவிட்டார். ஏழுமலையின் வலை புயலோடு போயிருந்தது. இனி இந்தப் பில்லைதான் அவர் வீட்டுச் சோறு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழுமலையைக் கழற்றி நகர்த்தியபோது முனுசாமி அவருடைய ஆணிக்கு வந்துவிட்டார். நான் அந்த ஆணியைப் பார்த்தாகிவிட்டது என்று தாண்டிவிட்டேன்.

வாயைத் திறந்தால் முனுசாமிக்கும் வேலை போகும். மூடிக்கொண்டால் ஏழுமலை கதி அதோகதி. கடைசியில் ஃபோர்மனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். "படவே வுடாத நாள்ல வர்லன்னு எழுதிக்கினு இருந்தியா? ரெண்டையும் மாட்டு" என்றார். ஓடிப்போய் மாட்டினேன். ஏழுமலை நன்றி சொல்வார் என்று அசட்டுத்தனமாக எதிர்பார்த்தேன். அவர் பில்லையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார். "ரெண்டு பேரும் ஒரே படவுலதான் குந்திக்கினு வர்றோம். நான் மட்டும் எப்டி சார் மூழ்கனேன்?"

அதன்பிறகு பில்லை கழற்றும்போதெல்லாம் வலது கோடியில் தொடங்கி இடப்பக்கமாகத்தான் வந்தேன். அப்போது காலி ஆணிக்கு நகர்ந்து வருவது ஏற்கெனவே பார்த்துவிட்ட பில்லையாகத்தான் இருக்கும். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் யாரும் விட்டுப்போவதில்லை என்ற இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற ஒரு புயலே அடிக்க வேண்டியிருந்தது.