சத்தம் வராத தட்டடவு

பரதநாட்டியத்தில் முதன்முதலில் சொல்லித் தருவது தட்டடவு. அரைமண்டியில் உட்கார்ந்து, இடுப்பில் கை வைத்து, காலைத் தூக்கி உள்ளங்கால் முழுவதும் தரையில் படும்படி அடிக்க வேண்டும். ‘தையா தை’ என்று டீச்சர் சொல்ல, அவர் கையிலிருக்கும் கழி கட்டையில் விழுகிற அதே நொடியில் நம் காலும் விழ வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. பால்பல் விழாத பிள்ளைகள்கூடச் செய்வார்கள். எனக்குத்தான் அது வரவில்லை. பள்ளிக்கூடக் காலம் முழுக்க ஆடியும் வரவில்லை என்றால் யாராவது நம்புவார்களா?

சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் வீடு. லைன் வீடு. நீளமான ஒரே கட்டடத்தைக் குறுக்குச் சுவர் வைத்துத் தடுத்து, குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்திருப்பார்கள். ஓர் அறை, பின்னால் அடுப்படி. அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் நிரந்தரமாக நைட் டூட்டி, கொழுந்தை நசுக்குகிற ரோலர் பக்கத்தில். விடிகிற நேரத்துக்கு வந்து பால் இல்லாமல் ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு அந்த ஒரே அறையில் படுத்துவிடுவார்.

நான் ஆடிப் பழகக் கிடைத்ததும் அந்த நேரம்தான். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும், அரிசி களைய வேண்டும், அதற்குள் இருட்டிவிடும். ‘வாசலில் ஆட வேண்டியதுதானே?’ என்று சுலபமாகக் கேட்பவர்கள் எங்கள் ஊரில் ஒரு விடியற்காலை வந்து நின்று பார்க்கட்டும். பனிமூட்டத்தில் ஆனை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது. வெளிச்சம் வருகிறவரை பிள்ளைகளை வாசலில் விட மாட்டார்கள்.

“ஏட்டி, மெதுவா மிதி,” என்பாள் அம்மா. “தூக்கம் பத்தாமப் போயி ரோலர்ல கைய விட்டாகன்னா, அப்புறம் ஆட்டமும் பாட்டமும் எங்கிட்டுப் போயி ஆடுவ?”

மேல் லைனில் ஒரு மாமாவுக்கு அப்படித்தான் விரல்கள் போயிருந்தன. அதனால் கம்பளியை மடித்துப் போட்டு அதன்மேல் நின்று ஆடுவேன். கால் வேகமாக இறங்கும், தரைக்கு ஒரு நூல் மேலே நின்றுவிடும், பிறகு மெல்ல உட்காரும். தாளம் பிசகாமல் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா ஒருநாளும் முழித்ததில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு, கேட்டீர்களா!

சனிக்கிழமைகளில் அடிமாலியிலிருந்து பஸ் ஏறி வந்து பள்ளிக்கூட ஹாலில் சொல்லிக்கொடுத்த டீச்சரையும் குறை சொல்ல முடியாது. ஹால் நிறையப் பிள்ளைகள் ஒன்றாக மிதிக்கும்போது எந்தக் காலில் சத்தம் வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? கை சுத்தம், கணக்கு சுத்தம் என்று என்னை முன்வரிசையில் நிறுத்தினார். மற்றதை நான் போனில் வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டேன், அதுவும் சத்தத்தைக் குறைத்து வைத்து.

பிளஸ் டூ முடிந்ததும் கொச்சிப் பக்கம் ஒரு நடனக் கல்லூரிக்குத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே படித்து வந்தால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் டான்ஸ் டீச்சர் ஆகலாம். அது கிடைக்காவிட்டால் கொழுந்துக் கூடை, இல்லையென்றால் ரிசார்ட் வேலை. எங்கள் லைனில் பிறந்த பெண்ணுக்கு மூன்றாவதாக ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள். அப்பா லீவு போட்டுக் கூட வந்தார். பஸ்ஸில் வழியெல்லாம், “எம் மக டீச்சராகப் போறா,” என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த மேடம், வேறெதையும் கேட்கவில்லை, தட்டடவைத்தான் கேட்டார். கழியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். நான் ஆடினேன். கொஞ்ச நேரத்தில் கழி நின்றது.

“காலு வீழுந்நில்லல்லோ மோளே,” என்றார். கால் தரையில் விழவே இல்லையே என்கிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓங்கி மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். ‘படார்’ என்று ஒரு சத்தம். என் காலில் கிளம்பிய சத்தத்துக்கு நானே பதறிப்போய்ச் சுவரோரம் திரும்பிப் பார்த்தேன். அங்கே யார் படுத்திருக்கிறார்கள்? யாருமில்லை. ஆனாலும் அடுத்த தட்டு தவறிவிட்டது. ஒவ்வொரு முறை சத்தம் வரும்போதும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. வேகம் இரட்டிப்பாகும் இரண்டாம் காலத்தில் கழி ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போனேன். அந்த மேடம் கெட்டவர் இல்லை. “அஸ்திவாரமே இப்படிப் படிந்துவிட்டதே குழந்தை, இதை மாற்ற ரொம்ப நாளாகும்,” என்று பக்கத்தில் வந்து சொன்னார். பிறகு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

நான் வெளியே வந்ததும் அப்பா எழுந்தார்.

“என்னம்மா, இன்னும் உன் முறை வரலியா? ஒவ்வொரு புள்ளையும் மிதிக்கிறது வெளிய வரைக்கும் கேட்டுச்சு. உஞ் சத்தம் எப்ப வரும்னுதான் காதத் தீட்டிக்கிட்டு இருக்கேன்.”

“நான் ஆடி முடிச்சிட்டேம்ப்பா.”

அவர் என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நேரியமங்கலம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியபோதுதான் வாயைத் திறந்தார். “நான் தூங்குறேன்னுதான் நீ மிதிக்காமலே இருந்தியா தாயி?”

“அதெல்லாம் இல்லப்பா. கண்ண மூடுங்க,” என்றேன். அவர் கண்ணை மூடவே இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது? அப்பாமேலா? அம்மாமேலா? அந்தப் பாழாய்ப்போன ஃபேக்டரிமேலா? ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வீடுவரை அழுதேன்.

மறுவாரம் அப்பா டூட்டி முடிந்து வந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு எஸ்டேட் கோயில் கொட்டகைக்குப் படுக்கப் போனார். “நல்லா மிதிம்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்.” அந்தக் குளிரில்! கம்பளி இல்லாமல் வெறும் சிமெண்டுத் தரையில் நின்று மிதித்தேன். கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தது. உடனே பக்கத்து வீட்டிலிருந்து சுவரில் தட்டும் சத்தம்.

“ஏ புள்ள, உங்க மாமா இப்பத்தான் டூட்டி முடிஞ்சு வந்து படுத்தாக,” என்று அத்தையின் குரல். கோபமாகக்கூட இல்லை, கெஞ்சலாகச் சொன்னாள். அவர்களை எங்கே படுக்கச் சொல்வது? நிறுத்திவிட்டேன். அப்பாவையும் வீட்டுக்கே வந்து படுக்கச் சொன்னேன்.

இப்போது சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் ரூம் துடைக்கிறேன். வராந்தா முழுக்கப் பலகைத் தரை. கெஸ்டுகள் வெயில் ஏறும்வரை தூங்குவார்கள். நான் நடப்பது அவர்கள் காதில் விழுவதே இல்லையாம், சூப்பர்வைசருக்கு என்மேல் அப்படியொரு திருப்தி. புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்.

போன மாதம் பீர்மேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் கால் வைத்தாலே பலகையில் உள்ளங்கால் முழுசாக விழுந்து கணீரென்று கேட்கும். அப்படியொரு கால் எனக்கு இருந்திருந்தால் என்று வயிறு எரிந்தது. அவளை நிறுத்தி, விரலை முதலில் வை, கனத்தை முட்டியில் பிடித்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தேன். சூட்டிகையான பெண், சீக்கிரமே படித்துக்கொண்டாள். இப்போது அவள் பின்னால் வந்து நின்றால்கூட எனக்குத் தெரிவதில்லை.