பாப்பாரப்பட்டி சாலையில் ஒன்பதாம் கல்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கினேன். சென்னையில் மாரத்தானுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. நாற்பத்தாறு வயதில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று அலுவலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. அதற்கு முன் ஒருமுறை முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிவிட வேண்டும் என்பது பயிற்சி அட்டவணை. சென்னைப் புழுக்கத்தில் இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் இருபத்தைந்திலேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். "எங்க ஊருக்கு வாடா, காலையில குளுகுளுன்னு இருக்கும்" என்று கூப்பிட்டவன் தருமபுரியில் இருக்கும் என் கல்லூரி நண்பன் தங்கவேல். மொரப்பூரிலிருந்து அவன் ஊருக்குப் பேருந்தில் இருபத்திரண்டு ரூபாய்.

மாலை ஐந்தரைக்கு அவனுடைய பைக்கை வாங்கிக்கொண்டு வழியைப் பார்க்கக் கிளம்பினேன். தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி பதினாறு கிலோமீட்டர். போய்த் திரும்பினால் கணக்குச் சரி. நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் முதல் நாளே வழியில் தண்ணீரை ஒளித்து வைப்பது வழக்கம். நானும் உப்பும் எலுமிச்சையும் கலந்த ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். போகும்போது பாதி, வரும்போது மீதி. பாப்பாரப்பட்டி வரை போய்த் திரும்பி வருகையில், ஒன்பது என்று எழுதிய கிலோமீட்டர் கல்லின் பின்னால், முள்புதருக்குள் அதைச் செருகினேன். ஒன்பது, ஒன்பது என்று சொல்லிக்கொண்டே வீடு திரும்பினேன்.

ஞாயிறு காலை ஐந்து இருபதுக்கு ஓட ஆரம்பித்தேன். தங்கவேல் சொன்னது பொய்யில்லை. மூச்சு சுகமாக வந்தது. கேழ்வரகுக் கொல்லைகளும் மாந்தோப்புகளும் மெல்ல வெளிச்சத்துக்கு வந்தன. பால் கேன் கட்டிய ஒரு வண்டிக்காரர், "என்னாங்க சார், வண்டி ரிப்பேரா? ஏறுங்க" என்றார். சிரித்துக் கையாட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் ஓடியதே இல்லை.

ஆறு பத்துக்கு ஒன்பது என்று எழுதிய கல் வந்தது. பின்னால் புதரும் இருந்தது. பாட்டில் இல்லை.

சாலையை ஒட்டிய தக்காளித் தோட்டத்தில் நான்கு பெண்கள் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்காரர் பிளாஸ்டிக் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கல்லுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். அவர் காலடியில் ஒரு துணிப்பை, அதிலிருந்து நீல மூடி எட்டிப் பார்த்தது. என் பாட்டிலுக்கும் நீல மூடி.

"ஏம்மா, இங்க வெச்ச என் பாட்டிலை எடுத்தீங்களா?"

"இல்லீங்கண்ணா, நாங்க இப்பத்தான் வந்தோம்."

"அந்தப் பையைத் திறந்து காட்டுங்க."

இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. எனக்குத் தாகம்கூட அவ்வளவாக இல்லை. திட்டம் கெட்டுப்போன எரிச்சல்தான். அந்த அம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தார். சோற்று டப்பா, ஒரு துண்டு, வெறும் தண்ணீர் இருந்த பாட்டில். என்னுடையது இல்லை. மற்ற மூவரும் பறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தோட்டத்துக்காரரும் பார்த்தார்.

"தெரியாம கேட்டுட்டேன்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "யாரோ எடுத்திருக்கீங்க. இதே வழியா நான் திரும்பி வரணும், அந்த வெயில்ல என்னத்தைக் குடிக்கிறது?" என்று கத்திவிட்டு ஓடினேன்.

இரண்டு கிலோமீட்டர் தாண்டி இன்னொரு கல். அதன் பின்னால் முள்புதர். அதற்குள் என் பாட்டில், நான் செருகியபடியே இருந்தது. கல்லில் எனக்குத் தெரிந்த பக்கம் 'பாப்பாரப்பட்டி 7'. சுற்றிப் போய்ப் பார்த்தேன். மறுபக்கம் 'தருமபுரி 9'. நேற்று திரும்பி வரும்போது படித்தது இந்தப் பக்கம். இன்று போகும்போது பார்த்தது பாப்பாரப்பட்டிக்கு ஒன்பது கிலோமீட்டர் காட்டிய வேறொரு கல். கையில் கட்டியிருந்த கடிகாரம் அப்போது ஓடிய தூரம் ஏழு கிலோமீட்டர் என்று காட்டியிருக்கும். அதைப் பார்க்கத் தோன்றவில்லை. அடுத்தவர் பையைப் பார்க்கத் தோன்றியது.

திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வர நான்கு கிலோமீட்டர் கூடுதலாகும். அட்டவணையில் முப்பத்திரண்டு என்றுதான் இருந்தது. வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று பாட்டிலை முழுக்கக் குடித்துவிட்டு மேலே ஓடினேன்.

ஏழு இருபதுக்குப் பாப்பாரப்பட்டி. டீ பன்னிரண்டு ரூபாய். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நான்கு பெண்களுக்கும் முன்னால் நின்று என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கால் கனத்தது. டீக்கடைக்காரரிடம் இண்டூருக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"தருமபுரிக்குத்தானே போறீங்க? வந்த ரோட்லயே போங்க சார். இண்டூரு சுத்துங்களே."

"பரவாயில்லைங்க, எனக்குத் தூரம்தான் வேணும்."

மரியாதையான பொய். இண்டூர்ச் சாலையிலேயே ஓடினேன். வெயில் ஏறியது, தொடை இறுகியது, இருபத்தைந்தைத் தாண்டினேன். இண்டூருக்கும் அப்பால் ஒரு புளியமரத்தடியில் கடிகாரம் முப்பத்திரண்டு காட்டியது. அங்கேயே பேருந்துக்குக் கை காட்டி ஏறினேன். செல்போன் செயலி ஒரு பச்சைக் குறி போட்டு, திட்டப்படி முடிந்தது என்று பாராட்டியது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

சென்னையில் அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான் தாங்கியது. அலுவலக வாசலில் காவலாளி யாராவது ஒருவரின் பையைத் திறக்கச் சொன்னாலே தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். அடுத்த ஞாயிறு காலை எட்டரைக்கு, தங்கவேலின் பைக்கில் மறுபடியும் அந்தத் தோட்டத்தில் போய் நின்றேன். பறித்துக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர்தான்.

என்னைப் பார்த்ததும் வயதில் மூத்தவர் நிமிர்ந்தார். "ஓடுனவருதானே நீங்க? உசுரோடதான் இருக்கீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க பையத் தொறக்கச் சொன்னீங்களே, அந்த மாதம்மா ஒரே பொலம்பல். 'அந்தண்ணன் வெயில்ல வருவாரு, தண்ணி இல்லாம எங்கியாச்சும் வுழுந்துருவாரு'ன்னு அதும் பாட்டில்ல தண்ணி புடிச்சு கல்லாண்ட வெச்சுது. பத்து மணி வரைக்கும் ரோட்டயே பாத்துட்டு இருந்துச்சு. வரலீன்னதும் வூட்டுக்காரர வண்டில அனுப்பிப் பாப்பாரப்பட்டி வரைக்கும் தேடச் சொல்லுச்சுங்க."

"அவங்க இன்னைக்கு வரலையா?"

"எப்டி வரும்? நீங்க போன அன்னிலேருந்து வேலை முடிஞ்சா பையத் தொறந்து காட்டணும்னு ஓனரு சொல்லிட்டாரு. நாலு நாள் காட்டுச்சு. அஞ்சாம் நாளு வரல. பாலக்கோட்டுப் பக்கம் பூப் பறிக்கப் போறேன்னுச்சு. அதுக்கு மேல தெரியாது."

தோட்டத்துக்காரரிடம் போனேன். பாட்டில் கிடைத்தது, தப்பு முழுக்க என்னுடையது, அந்த அம்மாள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். "அதான் மாதம்மாவும் எங்கிட்ட கேட்டாங்க. அவரு வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் பொறுங்கன்னு. நீங்க வரல. நான் என்னன்னு நெனைக்கறது?"

"இனிமே பையைத் திறந்து பாக்கறதை நிறுத்திடுங்க."

"பாப்போமுங்க. ஒருத்தர மட்டும் பாத்தா நல்லாருக்காதுன்னு இப்ப எல்லார் பையுந்தான் பாக்கறது."

பத்து மணி வரை அங்கேயே இருந்தேன். வேலை முடிந்து வரப்பேறிய மூன்று பெண்களும் யாரும் கேட்காமலே பையைத் திறந்துகொண்டு வரிசையாக வந்தார்கள். தோட்டத்துக்காரர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் காட்டிவிட்டுத்தான் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து மாரத்தானை ஓடி முடித்தேன். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மேசை போட்டு முன்பின் தெரியாதவர்கள் தண்ணீர் நீட்டினார்கள். வாங்கும்போதெல்லாம் இரண்டாம் முறை தோட்டத்தை விட்டுக் கிளம்பிய நேரம்தான் கண்முன் நின்றது. அன்று பைக்கை எடுக்குமுன் தோட்டத்தை ஒட்டிய அந்தக் கல்லருகே போனேன். நீல மூடி போட்ட பழைய பாட்டில் ஒன்று நிறையத் தண்ணீரோடு, மேலே ஒரு வாரப் புழுதியோடு, விழாமலிருக்க ஒரு கல் முட்டுக் கொடுத்து வைக்கப்பட்டிருந்தது. பாப்பாரப்பட்டியிலிருந்து திரும்பி வருகிறவன் கண்ணில் படும் பக்கமாக மாதம்மாள் அதை வைத்திருந்தார். அந்தப் பக்கமிருந்து நான் வரவேயில்லை.