ஒன்பதாம் வீட்டு நவம்பர்

“இது சத்தியமான கதை” என்று புறாக் கொட்டகையில் கூடியிருந்தவர்களிடம் ஆரம்பித்தேன். “கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன். எங்க கூட்டுனேன்னு கேக்கக் கூடாது.”

போலந்தில் எங்கள் சிலேசியாவில் ஊருக்கு அடியில் நிலக்கரி தோண்டித் தோண்டி, வீடுகள் குடித்தவன் போலச் சாய்ந்து நிற்கும். தட்டில் வைத்த உருளைக்கிழங்கு உருண்டை அடுத்த வீட்டுக்கு உருண்டு போகும். வீட்டு விரிசல்களை அளக்கும் அலுவலகத்தில் நான் கொதிகலனுக்குக் கரி போடுகிறவன். கெர்டா அக்கா கணக்குப் போடுகிறவள். அவள் புருஷன் ரூஃபின் சுரங்கம் சரிந்து செத்தவன்; உடல் கிடைக்கவில்லை. தன் சமையலறைக்கு நேர் கீழேதான் அவன் கிடக்கிறான் என்பாள். சூப் கொதித்ததும் அவனைச் சாப்பிடக் கூப்பிடக் கரண்டியால் தரையைத் தட்டுவாள்.

கணக்கு மென்பொருளில் எல்லாம் பட்டியலுக்குள் பட்டியல்: தெருவுக்குள் வீடு, வீட்டுக்குள் விரிசல். மேலிடம் விரிதாளாகக் கேட்டது. அப்படியே அனுப்பினால் ஒரு வீட்டின் விரிசல் எல்லாம் ஒரே கட்டத்தில் போய் அடைந்தன. விரிசலுக்கு ஒரு வரி என்று பிரித்து அனுப்பினாள். திறந்தால், எண்கள் அத்தனையும் தேதிகள். நாங்கள் தசமத்துக்குக் காற்புள்ளியும் தேதிக்குப் புள்ளியும் வைக்கிறவர்கள்; மென்பொருள் தசமத்துக்கே புள்ளி வைக்கும். 1.11 சென்டிமீட்டர், நவம்பர் ஒன்று ஆகிவிட்டது.

மற்ற வீடுகளில் மாதங்கள் கலந்து கிடந்தன. ஒன்பதாம் வீட்டில் மட்டும் மேலிருந்து கீழ்வரை நவம்பர் ஒன்று, நவம்பர் இரண்டு. கல்லறைகளில் விளக்கு வைக்கும் நாட்கள். ஒன்பதாம் வீடு கெர்டா அக்காவுடையது.

“அலோய்ஸ், எம் புருஷனுக்குக் கல்லறை இல்லல்ல. அதான் இங்க எழுதிக் கேக்குறாரு” என்றாள் என்னிடம்.

“யக்கா, புள்ளிய காற்புள்ளியா மாத்துனா போயிரும்னு நீதான சொன்ன?”

“மாத்துனா விரிசல் தெரிஞ்சு வீட்டக் காலி பண்ணச் சொல்லுவானுங்க. கீழ கெடக்குறவர யாரு பாப்பா?”

மற்ற வீடுகளைச் சரிசெய்தாள். தன் வீட்டைத் தொடவில்லை. மேலிடத்து ஆள் அந்தத் தேதிகளைப் போன வருஷம் அளக்கப் போன நாட்கள் என்று நினைத்து, அளவு எதுவும் இல்லாததால் விரிசல் இல்லை என்று முத்திரை குத்தினான்.

நவம்பர் ஒன்றாம் தேதி அவள் சமையலறைத் தரை முழுக்க விளக்கு வைத்தாள். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். எல்லாவற்றையும் ஊதி அணைத்த பிறகும் விரிசல்களுக்குள் வெளிச்சம் இருந்தது. அடியிலிருந்து இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது.

இவ்வளவு சொன்னதும், பத்தாம் வீட்டுக்காரன் பெர்னார்ட் கையிலிருந்த புறாவைக் கீழே விட்டான்.

“ஒம்பதுக்கும் எனக்கும் ஒரே செவுருடா. அது விழுந்தா என் வீடு நிக்குமா? எதடா கூட்டிச் சொன்ன, விரிசலையா வெளிச்சத்தையா?”

“வெளிச்சம் நெசம்” என்றான் மூலையிலிருந்த தியோஃபில். “நானும் பாத்தேன்.”

“அப்ப விரிசலயும் பாத்துட்டு வாய மூடிட்டா இருந்த?”

பெர்னார்ட் அவன் சட்டையைப் பிடித்தான். புறாக்கள் மொத்தமாக எழும்பின.